போனஸ் 30,000 வெள்ளி, கைக்கு வந்தது 21,400

கேள்வி: வணக்கம் ஐயா. பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். திருமணம் ஆகவில்லை. மாதச் சம்பளம் 6,500 வெள்ளி. இரண்டு ஆண்டுகளுக்கு வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டதற்காக 30,000 வெள்ளி ரிடென்ஷன் போனஸ் தருவதாகச் சொன்னார்கள். சென்ற மாதம் வங்கிக்கு வந்தது சுமார் 21,400 வெள்ளிதான். பிசிபி (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) சுமார் 5,300, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 3,300 பிடித்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு இதே மாதிரி போனசில் 22 விழுக்காடுதான் பிடித்தார்களாம். எனக்குக் கிட்டத்தட்ட 29 விழுக்காடு போயிருக்கிறது. பட்டர்வொர்த்தில் வீடு வாங்க முன்பணமாக முழுத் தொகையையும் மனதில் வைத்திருந்தேன். சம்பளப் பிரிவில் ஏதாவது தவறு நடந்திருக்குமா?

பதில்: வணக்கம். சம்பளப் பிரிவு தவறு செய்யவில்லை. சில்லறைக் கழிவுகளை ஒதுக்கிவிட்டு நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதே தொகைதான் வருகிறது.

முதலில் பெரியம்மா மகனின் கணக்கைத் தள்ளி வையுங்கள். அமெரிக்காவில் போனஸ் போன்ற கூடுதல் வருமானத்துக்குக் கூட்டரசு வரியாக 22 விழுக்காடு என்று ஒரே விகிதத்தில் பிடித்துவிடுவார்கள். பணியில் நீடிக்க ஒப்பந்தம் போடும் ராணுவ வீரர்களுக்கும் அதுதான். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது உண்மையான வரி அதைவிடக் குறைவாக இருந்தால் மீதி திரும்ப வரும். நம் பிசிபியில் அப்படி ஒரே விகிதம் கிடையாது. போனஸ் இல்லாமல் உங்கள் ஆண்டு வரி எவ்வளவு, போனஸோடு எவ்வளவு என்று பார்த்து, அந்த வித்தியாசம் முழுவதையும் போனஸ் வந்த மாதத்திலேயே பிடிக்கிறார்கள். அதனால்தான் ஒரே அடியாக விழுந்தது போல இருக்கிறது.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 78,000 வெள்ளி. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் கழிவு 4,000. மீதி 65,000-க்கு, 2023 முதல் நடப்பில் இருக்கும் விகிதப்படி, வரி 3,150 வெள்ளி. மாதம் 262 வெள்ளி சொச்சம். போனஸ் சேர்ந்ததும் வரிக்குரிய வருமானம் 95,000 ஆகிறது. போனஸின் முதல் 5,000 வெள்ளி இன்னும் 11 விழுக்காட்டுப் படியில்தான் இருக்கிறது, அதற்கு 550. 70,000-ஐத் தாண்டிய 25,000-க்கு 19 விழுக்காடு, 4,750. இரண்டும் சேர்ந்து 5,300. போனஸ் வந்ததால் சம்பளம் முழுவதற்கும் வரி ஏறிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, உங்கள் 6,500-க்கான வரி பழைய இடத்திலேயே நிற்கிறது. அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் பிசிபி பழைய அளவுக்கு வந்துவிடும்.

இபிஎஃப் 3,300-ஐ நீங்கள் இழப்பில் சேர்த்திருக்கிறீர்கள். அது உங்கள் பணம். முதலாளி தன் பங்காக 12 விழுக்காடு, அதாவது 3,600 வெள்ளி, மேலே போட்டிருக்க வேண்டும். இபிஎஃப் செயலியில் இரண்டும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் உங்கள் பெயரில் சேர்ந்தது 6,900. ஆனால் இந்த 3,300-க்கு வரிக்கழிவு கிடைக்காது. சம்பளத்தில் பிடிப்பதே ஆண்டுக்கு 8,000-க்கு மேல் போய், 4,000 வெள்ளி உச்சவரம்பு எப்போதோ நிரம்பிவிட்டது. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவிலும் மாற்றம் இருக்காது, 6,000 வெள்ளி வரம்பை உங்கள் சம்பளமே தாண்டிவிட்டது.

ஆக, வரியாகப் போனது 5,300. அதில் கொஞ்சத்தையாவது மீட்க இந்த ஆண்டுதான் நல்ல சமயம், ஏனென்றால் இப்போது ஒவ்வொரு கழிவும் 11 விழுக்காட்டுக்குப் பதிலாக 19 விழுக்காடு மிச்சம் பிடித்துத் தரும். அப்பா அம்மாவின் மருத்துவச் செலவை நீங்கள் கட்டினால் 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. 5,000 வெள்ளி செலவழித்திருந்தால் வரியில் 950 குறையும். மருத்துவர் சான்றும் ரசீதும் உங்களிடம் இருக்க வேண்டும். தனியார் ஓய்வூதியத் திட்டத்தில் 3,000 போட்டால் 570 மிச்சம், ஆனால் அந்தப் பணம் நெடுநாள் பூட்டப்பட்டுவிடும். வீடு வாங்கப் போகிற உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். டிபி1 பாரத்தில் கழிவுகளை எழுதி முதலாளியிடம் கொடுத்தால் வரும் மாதங்களின் பிசிபி குறையும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு மின்தாக்கலில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள்.

பாதி போனஸை அடுத்த ஜனவரியில் வாங்கியிருந்தால் என்ன என்றும் யோசித்திருப்பீர்கள். கணக்குப்படி சுமார் 400 வெள்ளிதான் மிச்சமாகியிருக்கும். விட்டுவிடுங்கள்.

எனக்குக் கவலை தருவது வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை இன்று இரவே எடுத்துப் படியுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று எழுதியிருக்கிறது? பல கடிதங்களில் "வழங்கப்பட்ட முழுத் தொகை" என்றுதான் இருக்கும். அப்படியானால் 21,400 வாங்கிய நீங்கள் 30,000 கட்ட வேண்டும். மீதி 8,600 உங்கள் சேமிப்பிலிருந்து போகும். இபிஎஃப்புக்குள் போனதில் பெரும்பகுதியை நினைத்தபடி வெளியே எடுக்க முடியாது, கட்டிய வரி உங்களுக்கும் வரி வாரியத்துக்கும் இடையிலான விவகாரமாகிவிடும். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகலாம், கல்யாணமாகிக் கோலாலம்பூருக்கு மாற நேரலாம். இரண்டு ஆண்டு என்பது சின்னக் காலம் இல்லை.

மனிதவளப் பிரிவில் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பத் திருப்பிக் கட்டும் தொகை குறையுமா? பிடித்தம் போகக் கைக்கு வந்ததை மட்டும் திருப்பினால் போதுமா? வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்காதீர்கள், எழுத்தில் பதில் வேண்டும். உங்களை விட்டுவிடக் கூடாது என்று அவர்கள் நினைக்கிற நேரம் இது, தைரியமாகக் கேட்கலாம்.

பதில் வரும்வரை 21,400-ஐயும் வீட்டில் போட்டுவிடாதீர்கள். குறையும் முன்பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வாங்கல் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, இபிஎஃப்பின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்க விண்ணப்பிக்கலாம். அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வீடு விற்பவரிடம் முன்பணத்தை இரண்டு தவணையாகக் கட்டச் சம்மதம் கேளுங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், இந்த வீட்டுக்காக இருக்கிற கைக்காசு முழுவதையும் துடைத்துக் கொடுக்க வேண்டாம். பட்டர்வொர்த்தில் வேறு வீடு கிடைக்கும்.