வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: அரிவாள் செல் ரத்தசோகை

கேள்வி: என் அக்காள் மகனுக்கு நான்கு வயது. ஒன்றரை வயதில் கைகளும் பாதங்களும் வீங்கி இரவெல்லாம் அழுதான். அதன் பிறகும் அடிக்கடி கைகால் வலியும் உடல் வெளுப்பும் இருந்தன. நெடுநாள் இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் பயனில்லை. இப்போதுதான் அரிவாள் செல் ரத்தசோகை என்று தெரியவந்துள்ளது. அக்காளும் அத்தானும் நலமாகவே இருக்கிறார்கள். "உங்கள் வீட்டு ரத்தத்தில் வந்தது" என்று புகுந்த வீட்டார் அக்காளைக் குறைகூறுவது சரிதானா?
- வாசகி, கூடலூர்

பதில்: சரியில்லை. உங்கள் அக்காள் மகனுக்கு இந்த நோய் வர வேண்டுமானால், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, பழுதுபட்ட மரபணுவின் இரண்டு பிரதிகள் அவனிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒரு பிரதி மட்டும் உடையவரைக் கேரியர் என்கிறோம். அவரிடம் இயல்பான பிரதி ஒன்றும் இருப்பதால் பொதுவாக எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. அக்காளும் அத்தானும் நலமாக இருப்பதற்கும், இரு குடும்பங்களிலும் தலைமுறைகளாக ஒருவரும் அறியாமல் இந்த மரபணு கடந்து வந்திருப்பதற்கும் இதுவே காரணம். பழி சொல்லும் வீட்டாரின் மகனும் ஒரு பிரதியைக் கொடுத்திருக்கிறார் என்பதை அவர்களுக்கு மருத்துவரே எடுத்துச் சொல்வது நல்லது.

பெற்றோர் இருவரும் கேரியர்களானால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 சதவீதமும், கேரியராகப் பிறக்க 50 சதவீதமும், இரண்டுமின்றிப் பிறக்க 25 சதவீதமும் வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே தொடங்குகிறது. மூத்தவனுக்கு வந்துவிட்டதால் அடுத்த குழந்தை தப்பிவிடும் என்று கருத இடமில்லை.

பழுது மிகச் சிறியது. 11-ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவில் ஓரெழுத்து மாறுவதால், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து அமர்கிறது. இவ்வாறு மாறிய ஹீமோகுளோபின், ஆக்சிஜனை இறக்கியவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிகளாக நீண்டு, வளைந்து கொடுக்க வேண்டிய சிவப்பணுவை விறைப்பான அரிவாள் வடிவத்துக்கு இழுத்துவிடுகிறது. அத்தகைய அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைப்பதால்தான் வலி வருகிறது; சிறுவனின் கை, கால் வீக்கமும் அதனால் வந்ததே. பிறந்த சில மாதங்கள் வரை கருக்கால ஹீமோகுளோபின் காப்பதால் தொல்லைகள் பிறகே தலைகாட்டுகின்றன.

டானிக் ஏன் பலனளிக்கவில்லை என்பதற்கும் விடை இங்கேயே உள்ளது. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். அரிவாள் அணுவோ 10 முதல் 20 நாட்களில் சிதைந்துவிடும். எனவே இது இரும்புக் குறைவால் வந்த சோகை அன்று. பரிசோதனையில் இரும்புக் குறைவு உறுதியானாலன்றி இரும்புச்சத்து தேவையில்லை. அடிக்கடி ரத்தம் ஏற்றப்படுகிறவர்களுக்கு உடலில் இரும்பு தேங்கித் தீங்கும் செய்யக்கூடும். வெளுத்த குழந்தையைக் கண்டதும் டானிக் எழுதிக் கொடுத்துவிடும் நம் பழக்கம், நீலகிரி போன்ற இடங்களிலேனும் மாற வேண்டும். அம்மலையின் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே பதிவு செய்துவிட்டனர். மலேரியா மிகுந்த நிலப்பகுதிகளில் கேரியர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்ததே இந்த மரபணு நிலைத்ததற்குக் காரணம். ஆனாலும் இதைப் பழங்குடியினரின் நோய் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது; அண்டையிலுள்ள வயநாட்டில் செட்டி சமூகத்தாரிடமும் இது காணப்படுகிறது.

சிறுவனுக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். இந்த நோயில் மண்ணீரல் விரைவில் செயலிழப்பதால், சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கும் கிருமித் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். ஐந்து வயது வரை பென்சிலின் கொடுப்பதும், நிமோகாக்கல் தடுப்பூசி போடுவதும், நிறையத் தண்ணீர் குடிக்க வைப்பதும், குளிரில் நனையாமல் காப்பதும் அவசியம்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் எனக்கு 'சிக்கிள் ட்ரெய்ட்' என்று வந்துள்ளது. பிற்காலத்தில் இது நோயாகுமா? அத்தை மகளை மணக்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: ட்ரெய்ட் என்பது கேரியர் நிலையே, எந்த வயதிலும் அது நோயாக மாறாது. திருமணத்துக்கும் தடையில்லை. ஆனால், இருவருக்கும் தாத்தா பாட்டி ஒருவரே என்பதால், உங்களிடமுள்ள மரபணு அவரிடமும் இருக்கும் வாய்ப்பு அயலாரைவிட அதிகம். நிச்சயத்துக்கு முன்பே அவருக்கு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். முகாம்களில் முதற்கட்டமாகச் செய்யப்படும் கரைதிறன் சோதனை மட்டும் போதாது; தலசீமியா (ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத மற்றொரு பரம்பரை ரத்த நோய்) கேரியரை அது காட்டாது. சிக்கிள் மரபணு ஒருவரிடமும் பீட்டா தலசீமியா மரபணு மற்றவரிடமும் இருந்தால்கூடக் குழந்தைக்கு நோய் வரக்கூடும். அவரும் கேரியர் என்று தெரிந்தால், கருவுற்ற பத்து வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடித் திசுவைப் பரிசோதித்து அறியும் வழியும் உண்டு.

கேள்வி: மரபணுத் திருத்தத்தால் இந்த நோய் தீர்ந்துவிடும் என்கிறார்களே?
- வாசகர், சேலம்

பதில்: நோயாளியின் ரத்த மூலசெல்களை வெளியே எடுத்துத் திருத்தி, கருக்கால ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்யும் 'காஸ்ஜெவி' என்ற சிகிச்சைக்கு 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்! பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றும் குணமளிக்கும். பெரும்பாலோருக்கு இன்று கைக்கெட்டுவது ஹைட்ராக்ஸியூரியா மாத்திரைதான். அதுவும் கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்தி, வலித் தாக்குதல்களைக் குறைக்கிறது. வலி வரும்போது மட்டும் விழுங்கும் மாத்திரையன்று இது. நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறையக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.