நம்பரும் இல்லை, ஐடியும் இல்லை: செய்தி எப்படி வந்து சேருகிறது?

கேள்வி: போன் நம்பர் கேட்காத சாட் ஆப்கள் பல இருக்கின்றன. சிம்பிளெக்ஸ் என்ற சாட் ஆப்பில் மட்டும் ஐடியே கிடையாது என்கிறார்கள். பிறகு எனக்கு வரவேண்டிய செய்தி எப்படி வந்து சேரும்?
— வாசகர், திருப்பூர்

நம்பர் கேட்காதது வேறு, அடையாளமே இல்லாதது வேறு. நம்பர் கேட்காத சாட் ஆப்களான திரீமா, செஷன் இரண்டிலும் ஐடி உண்டு. திரீமாவில் 8 எழுத்து ஐடி. செஷனில் 05 என்று தொடங்கும் 66 எழுத்து ஐடி. நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் அதே ஐடிதான். இரண்டு பேர் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரே ஆள் என்று தெரிந்துவிடும்.

சிம்பிளெக்ஸில் ஆளுக்கு முகவரி இல்லை, தொடர்புக்குத்தான் முகவரி. ஒவ்வொரு நண்பருக்கும் சர்வரில் இரண்டு தபால் பெட்டிகள்: ஒன்றில் நீங்கள் போட அவர் எடுப்பார், இன்னொன்றில் அவர் போட நீங்கள் எடுப்பீர்கள். ஒரே பெட்டிக்குப் போடுகிறவரிடம் உள்ள எண் வேறு, எடுக்கிறவரிடம் உள்ள எண் வேறு. 50 பேரோடு பேசினால் 100 பெட்டிகள். அவை ஒரே ஆளைச் சேர்ந்தவை என்று காட்டும் கணக்கு எதுவும் சர்வரில் இல்லை.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் சிம்பிளெக்ஸ் அழைப்பு லிங்கைப் போட்டேன். தம்பி மட்டும் சேர்ந்தான், மற்றவர்களுக்குப் பிழை காட்டுகிறது.
— வாசகி, காரைக்குடி

நீங்கள் போட்டது ஒருமுறை லிங்க். முதலில் தொட்டவருக்கே அது சொந்தம். ஆளுக்கொரு லிங்க் எடுத்துத் தனித்தனியே அனுப்புங்கள். நேரில் க்யூஆர் காட்டுவது இன்னும் நல்லது. பலருக்கும் ஒரே லிங்க் வேண்டுமென்றால் 'சிம்பிளெக்ஸ் அட்ரஸ்' உருவாக்கலாம். வேண்டாத ஆட்கள் வரத் தொடங்கினால் அதை அழித்துவிடுங்கள், ஏற்கெனவே சேர்ந்தவர்கள் போகமாட்டார்கள்.

லிங்க் வேறொரு ஆப் வழியாகப் போனதால் ஒரு வேலை பாக்கி. தம்பி பெயரைத் தொட்டு 'வெரிஃபை செக்யூரிட்டி கோட்' திறந்து, அவர் போனில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். நடுவில் யாராவது லிங்கை மாற்றியிருந்தால் இங்கே பிடிபடும்.

கேள்வி: புதுப் போனில் மூன்று வாரத்துக்கு முந்தைய சிம்பிளெக்ஸ் பேக்கப்பை ஏற்றினேன். பெயர்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் வரும் செய்திகளில் 'டிக்ரிப்ஷன் எரர்'. ஏன்?
— வாசகர், நாகர்கோவில்

எங்களுக்கு அதிகம் வரும் புகார் இதுதான். செய்திகள் பூட்டியே வரும், அந்தப் பூட்டைத் திறக்க முடியவில்லை என்பதே 'டிக்ரிப்ஷன் எரர்'. செய்திக்குச் செய்தி பூட்டின் சாவி மாறிக்கொண்டே போகும். உங்கள் பேக்கப்பில் இருப்பது மூன்று வாரம் பழைய சாவி, எதிர்முனையோ அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. நண்பரின் விவரப் பக்கத்தைத் திறந்தால் இணைப்பைச் சரிசெய்ய 'ஃபிக்ஸ்' என்று வரும். இருவரிடமும் 5.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். திறக்காமல் போன செய்திகள் திறக்காதவைதான், மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த முறை, பழைய போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறுங்கள். முதல் வேலை டேட்டாபேஸ் பாஸ்பிரேஸ், அதாவது போனில் உள்ள உங்கள் சாட் முழுவதையும் பூட்டிவைக்கும் கடவுச்சொல். ஆப் தானே ஒன்றை உருவாக்கிப் போனுக்குள் வைத்திருக்கும், அது உங்களுக்குத் தெரியாது. அதை மாற்றி உங்களுடையதை வைத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் 'மைக்ரேட் டு அனதர் டிவைஸ்'. சாட் நின்று, பூட்டிய கோப்பு சர்வருக்கு ஏறி, க்யூஆர் வரும். புதுப் போனில் புரொஃபைல் எதுவும் உருவாக்காமல், முதல் திரையிலேயே 'மைக்ரேட் ஃப்ரம் அனதர் டிவைஸ்' தொட்டு ஸ்கேன் செய்து பாஸ்பிரேஸ் கொடுங்கள். அங்கே சாட் ஓடத் தொடங்கிய பிறகுதான் பழையதில் 'ஃபைனலைஸ்'. ஒரே டேட்டாபேஸை இரண்டு போனிலும் ஓடவிட்டால் மறுபடியும் இதே பிழை வரும்.

பாஸ்பிரேஸை மறந்தால் கேட்க ஆளில்லை. கணக்கே இல்லாத இடத்தில் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' எங்கிருந்து வரும்? போன் தொலைந்து பேக்கப்பும் இல்லையென்றால், எல்லாரிடமும் புது லிங்க் வாங்க வேண்டியதுதான்.

கேள்வி: ஆண்ட்ராய்டில் செய்திகள் ஆப்பைத் திறந்தால்தான் வருகின்றன.
— வாசகி, சேலம்

சிம்பிளெக்ஸ் கூகுளின் அறிவிப்பு வழியைப் பயன்படுத்துவதில்லை. பின்னணியில் தானே விழித்திருக்க வேண்டும். போனின் பேட்டரி சேமிப்பு அதை அணைத்துவிடுகிறது. ஆப் விவரத்தில் பேட்டரியை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். சார்ஜ் சற்று வேகமாக இறங்கும். அது பொறுக்காதவர்களுக்கு 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் முறையும் உண்டு. எடுக்காத செய்தி வழக்கமான சர்வர்களில் 21 நாள் காத்திருக்கும், கோப்புகளோ 48 மணி நேரம்தான். ஊருக்குப் போய்விட்டு வந்து போட்டோ திறக்கவில்லை என்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

கேள்வி: சர்வர் நடத்துகிறவருக்கு ஒன்றுமே தெரியாதா?
— வாசகர், மதுரை

நீங்கள் இணையும் சர்வருக்கு உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்) தெரியும். நண்பர் தேர்ந்தெடுத்த சர்வருக்கு அது போகாமல் மறைக்கும் 'பிரைவேட் ரூட்டிங்' 2024 ஜூனில் 5.8 பதிப்போடு வந்தது. முழுக்க மறைய வேண்டுமென்றால் ஆர்பாட் என்ற ஆப் வழியாக, ஐபி முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பில் ஓட்டுங்கள், வேகம் குறையும்.

கேள்வி: இந்தியாவில் இப்படிப்பட்ட சாட் ஆப்கள் தடை செய்யப்பட்டவையா?
— வாசகர், வேலூர்

2023 மே மாதம் ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டி மத்திய அரசு முடக்கிய 14 ஆப்களில் பிரையர், எலிமென்ட், திரீமா ஆகிய மூன்று சாட் ஆப்களும் இருந்தன. அந்தப் பட்டியலில் சிம்பிளெக்ஸ் இல்லை.