ஜாடியில் வெட்டி வைக்க எந்தப் பூச்செடிகளை வளர்க்கலாம்?

பூவின் அழகைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முதலில் காம்பைப் பாருங்கள். செம்பருத்தியைப் போல் கண்ணைப் பறிக்கும் பூ கிடையாது, ஆனால் பெரும்பாலும் ஒரே நாளில் சுருங்கிவிடும். ஓரடிக்காவது விறைப்பான காம்பு, நாலைந்து நாள் வாடாத இதழ், வெட்ட வெட்டத் துளிர்க்கும் குணம் மூன்றும் சேர்ந்த செடியாகத் தேடுங்கள்.

முதல்முறை என்றால் யோசிக்காமல் ஜின்னியா போடலாம். ஆனால் விதைப் பொட்டலத்தில் உயரத்தைப் பார்த்து வாங்குங்கள், தொட்டி அழகுக்கென்றே வரும் குட்டை ரகங்கள் இதற்கு உதவாது. செடி முக்கால் அடி, ஓரடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து நீளமான காம்புகள் கிடைக்கும். மனசு வராதுதான், ஆனாலும் கிள்ளுங்கள். எப்போது வெட்டுவது என்று தெரிய, பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள்: தலை தொய்ந்து ஆடினால் இன்னும் முற்றவில்லை, அப்போது வெட்டினால் ஜாடியில் கழுத்து மடிந்துவிடும், கம்பி மாதிரி நின்றால் தாராளமாக வெட்டலாம்.

இந்தப் பக்குவம் பூவுக்குப் பூ மாறும். கிளாடியோலஸில் அடியில் ஒன்றிரண்டு மொட்டு நிறம் காட்டினாலே போதும், மற்றவை தண்ணீரில் ஒவ்வொன்றாக விரியும். டேலியா அப்படியில்லை, மொட்டாக வெட்டினால் மொட்டாகவே நின்றுவிடும், அதனால் நன்றாக விரிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். கிளாடியோலஸ் வெட்டும்போது செடியில் நாலு இலையாவது விட்டு வையுங்கள், அடுத்த பருவத்துக்குக் கிழங்கு பருக்க அதுதான் வழி. ஒரு கிழங்குக்குப் பெரும்பாலும் ஒரு தண்டுதான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல் இரண்டு வார இடைவெளியில் நட்டு வாருங்கள். சூரியகாந்தியிலும் ஒற்றைத் தண்டு ரகங்களுக்கு இதே கணக்குதான்.

அப்புறம், எல்லாமே உருண்டைப் பூவாக இருந்தால் ஜாடி எடுபடாது. உயரத்துக்குச் சம்பங்கி, இடைவெளி நிரப்ப வாடாமல்லி, நடுவில் கனமாக ஒரு கோழிக்கொண்டை என்று உருவம் கலந்து நடுங்கள். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் காய்ந்த பிறகும் நிறம் பெரிதாக மங்காது, அதற்காகவே எனக்கு அவை பிடிக்கும்.

பலரும் மறப்பது பச்சை. திருநீற்றுப்பச்சிலை ஒரு வரிசை போட்டு, தண்டு கட்டையாகிக் கதிர் விட்ட பிறகு வெட்டிச் சேருங்கள், இளந்தண்டு சீக்கிரம் துவண்டுவிடும். இடம் குறைவு என்றால் இரண்டு வகைப் பூவைக் குறைத்துக்கொண்டாவது இந்தப் பச்சைக்கு இடம் விடுங்கள்.