கிளீன் ஹைட்ரஜன் வச்சு ஸ்டீல் ஃபேக்டரி கார்பனை எப்படிக் குறைப்பாங்க?

காத்தாலை, சோலார் கரன்ட்டை தண்ணிக்குள்ள விட்டு அதை ஹைட்ரஜன், ஆக்சிஜன்னு பிரிச்சு எடுக்கறதுதான் கிளீன் ஹைட்ரஜன்.

ஸ்டீலுக்கு இது ஏன் தேவைன்னா, இரும்புத் தாதுல இரும்போட ஆக்சிஜன் கெட்டியா ஒட்டிட்டு இருக்கும், அதைப் பிரிக்கத்தான் நிலக்கரியில இருந்து வர்ற கோக்கை உலையில போடறாங்க, அந்த கார்பன் ஆக்சிஜனை இழுத்துட்டு கார்பன் டை ஆக்சைடா வெளிய போயிடும், இப்படி ஒரு டன் ஸ்டீலுக்கு சுமார் 2 டன் வருது. நிறைய பேர் கவனிக்காதது இதுதான், நிலக்கரி அங்க சூட்டுக்கு மட்டும் இல்ல. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்துல வெறும் சுடுதண்ணி ஊத்தினா முழுசா போகாது, சோப்பு வேணும்ல, அந்த சோப்பு வேலைய இங்க கார்பன் பார்க்குது. அந்த இடத்துல ஹைட்ரஜனை விட்டா அதுவும் ஆக்சிஜனை இழுத்துக்கும், ஆனா வெளிய வர்றது நீராவி. ஸ்வீடன்ல லூலியோ ஊர்ல ஹைப்ரிட் (HYBRIT)ங்கற ஸ்டீல் திட்டத்துல 2021லயே இப்படி இரும்பு எடுத்துக் காட்டிட்டாங்க.

சிக்கல் கரன்ட்தான், 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல இழுக்கும். அதனால பேட்டரியே போதும்ங்கற கார்ல இதைச் செலவு பண்ணாம ஸ்டீல், உரம் மாதிரி வேற வழி கம்மியா இருக்கற இடத்துக்குக் குடுக்கறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன்.

ஹைட்ரஜன் எரிஞ்சா தண்ணிதானே வரும், அப்போ எல்லா ஹைட்ரஜனும் கிளீன்தான்னு நினைச்சுடாதீங்க, இன்னைக்கு உலகத்துல தயாராகறதுல பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரில இருந்துதான் வருது, எரிவாயுல எடுத்தா 1 கிலோவுக்கு சுமார் 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய போகுது.