வெளிநாட்டு ஆர்டரும் பணமும்: கேள்வி பதில்

கும்பகோணத்திலிருந்து பித்தளை விளக்குகளை 11 வருடமாக வெளிநாட்டுக்கு அனுப்பி வருகிறேன். பணம் வாங்குவது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் அவசரமானவற்றுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

சின்னாளபட்டி, சுங்குடிச் சேலை: அக்கா, லண்டனிலிருந்து ஒருவர் 14 சேலை கேட்டார். விலை பேசவே இல்லை. பேபாலில் பணம் போட்டுவிட்டதாகச் சொன்னார், பேபால் பெயரில் மெயிலும் வந்தது. டிராக்கிங் எண்ணைக் கொடுத்தால்தான் பணத்தை விடுவிப்போம் என்று அதில் இருக்கிறது. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். அந்த மெயிலில் இருக்கும் லிங்க் எதையும் தொடாமல், நீங்களாகவே பேபால் ஆப்பைத் திறந்து கணக்கைப் பாருங்கள். தொகை அங்கே இல்லையென்றால் அவர் பணமே அனுப்பவில்லை. புதிதாக விற்க வருபவர்களின் பணத்தைப் பேபால் சில நாள் நிறுத்தி வைப்பதுண்டு. அப்படி நிறுத்தினாலும் அது கணக்குக்குள் தெரியும்.

அடுத்து என்ன வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "தவறுதலாக 300 பவுண்டு கூடுதலாகப் போட்டுவிட்டேன், அதை என் கூரியர் ஏஜென்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்பார். சேலையோடு உங்கள் கைக்காசும் போய்விடும். உண்மையாக வாங்குகிறவர்கள் முந்தானையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள், சாயம் போகுமா என்பார்கள், தபால் செலவு ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். ஒன்றுமே கேட்காமல் 14 சேலை வாங்குகிறவரிடம் எனக்குப் பயம்தான்.

தஞ்சாவூர், ஓவியம்: எனக்கு வருவதெல்லாம் 8,000 முதல் 15,000 ரூபாய் வரையிலான ஆர்டர்கள். பேபாலா, பேமென்ட் கேட்வேயா, நேராக வங்கிக்கா, எது நல்லது மேடம்?

இந்தத் தொகைக்கு வங்கி வழியாக ஸ்விஃப்ட்டில் (வெளிநாட்டு வங்கிகள் ஒன்றுக்கொன்று பணத் தகவல் அனுப்பும் வழி) வாங்கினால் நடுவில் இருக்கும் வங்கிகளின் கட்டணம் உறுத்தும். சின்ன ஆர்டருக்குப் பேபாலோ கார்டு வாங்கும் கேட்வேயோதான் வசதி. கேட்வே என்றால், வெளிநாட்டுப் பணம் வாங்கித் தரும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் தனி விதிமுறை கொண்டுவந்தது. அப்போது ஒரு பொருளுக்கு 25 லட்சம் ரூபாய் உச்சவரம்பு வைத்தது. நீங்கள் சேரப்போகும் நிறுவனத்துக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஆனால் இந்த இரண்டு வழியிலும் வந்த பணம் திரும்பிப் போகக்கூடியது. பேபாலில் வாங்கியவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். கார்டு என்றால் அவருடைய வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்கும் பொதுவாக நான்கு மாதம் வரை வாய்ப்பு உண்டு. பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது என்பதால் விஷயம் முடிந்துவிடவில்லை.

இதை நான் பணம் கட்டித்தான் கற்றுக்கொண்டேன். மெல்போர்னிலிருந்து கார்டில் பணம் கட்டி ஒருவர் ஒரு ஜோடிக் குத்துவிளக்கு வாங்கினார். மறுநாள், "என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று பெர்த் விலாசம் ஒன்றை வாட்ஸ்அப்பில் போட்டார். தங்கைக்குத்தானே என்று நானும் அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து, அந்தக் கார்டின் சொந்தக்காரர் தான் எதுவும் வாங்கவில்லை என்று புகார் கொடுத்திருந்தார். கார்டு திருட்டுக் கார்டு. பணம் கட்டியபோது பதிவான விலாசம் வேறு, நான் அனுப்பிய விலாசம் வேறு. வாதாட என் கையில் ஒன்றுமே இல்லை. 22,000 ரூபாய் போனது, விளக்கும் போனது.

இப்போது யாராவது விலாசம் மாற்றச் சொன்னால், எவ்வளவு பழகியவராக இருந்தாலும், பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புது விலாசத்தைப் போட்டு மறுபடி கட்டச் சொல்கிறேன். பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பும் இப்படித்தான்: பரிவர்த்தனையில் இருக்கும் விலாசத்துக்கே பொருள் போயிருக்க வேண்டும், டெலிவரி ஆனதற்குச் சான்று வேண்டும். 750 டாலரைத் தொட்டாலோ தாண்டினாலோ வாங்கியவரின் கையெழுத்தும் வேண்டும். "பொருள் சொன்னபடி இல்லை" என்ற புகாருக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அதனால் ஓவியத்தைப் பேக் செய்வதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து ஆறு மாதம் வைத்திருங்கள்.

காரைக்குடி, பலகாரம்: கோலாலம்பூர் வாடிக்கையாளர் வெஸ்டர்ன் யூனியனில் அம்மா பெயருக்கு அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. இந்தியாவில் அந்த வழி குடும்பச் செலவு போன்ற தனிப்பட்ட பணத்துக்கு மட்டும்தான். ஒரு முறைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு வருடத்துக்கு 30 முறை என்று வரம்பும் இருக்கிறது. வியாபாரப் பணத்தை அதில் வாங்குவது விதிக்கு மாறானது. கணக்குக் கேட்டால் அம்மாதான் பதில் சொல்ல வேண்டிவரும். சிங்கப்பூர்க்காரர்கள், அவர்கள் ஊர் பேநவ்வையும் நம் யுபிஐயையும் சேர்த்த இணைப்பில் அனுப்புகிறேன் என்பார்கள். 2023 பிப்ரவரியில் தொடங்கிய அதுவும் தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் வழிதான். வியாபாரத்தை அதில் கலக்காதீர்கள்.

கரூர், மேசைவிரிப்பு: வாங்குகிறவர், பணம் அனுப்பியதற்கு வங்கி தந்த ஸ்விஃப்ட் காப்பி என்று ஒரு பி.டி.எஃப். அனுப்பியிருக்கிறார். வங்கி முத்திரையோடு இருக்கிறது. பார்சலை அனுப்பிவிடலாமா சார்?

சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள். அந்தக் காகிதத்தை யார் வேண்டுமானாலும் கணினியில் தயார் செய்யலாம். உண்மையான காப்பியாகவே இருந்தாலும் அது பணம் ஆகாது. உங்கள் கிளையில் கணக்கில் வரவு வைத்த பிறகு அனுப்புங்கள். பணம் அனுப்புகிறவரிடம் கட்டணத்தை ஓ.யு.ஆர். (OUR) முறையில் போடச் சொல்லுங்கள், படிவத்தில் அப்படித்தான் வரும். அப்போது வழிக் கட்டணத்தை அவரே ஏற்றுக்கொள்வார். கட்டணத்தைப் பங்கிடும் எஸ்.எச்.ஏ. (SHA) என்று போட்டால் உங்கள் பங்குக்கு வரும் கட்டணம் தொகையில் குறையும்.

இன்னொன்று. உங்கள் மெயிலை யாராவது திருடி, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வாடிக்கையாளருக்கு எழுதினால் பணம் திருடனுக்குப் போகும். என் இன்வாய்ஸ் ஒவ்வொன்றிலும், கணக்கு மாறினால் போனில் பேசித்தான் சொல்வேன், மெயிலில் சொல்லமாட்டேன் என்று அச்சடித்திருக்கிறேன்.

ஈரோடு, மஞ்சள்: ஏற்றுமதி, இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண் இல்லாமல் விற்கலாமா? பணம் எதற்காக வந்தது என்று காட்டும் பர்பஸ் கோடு ஒன்றையும் வங்கியில் கேட்கிறார்கள்.

பொருளை வியாபாரமாக ஏற்றுமதி செய்தால் எடுத்துவிடுங்கள். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தில் 500 ரூபாய்தான், பான் எண்ணே உங்கள் ஐ.இ.சி. எண்ணாகிவிடும். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை உறுதிசெய்ய வேண்டும், மறந்தால் எண் முடங்கிவிடும். பொருளுக்கு முன்பணம் என்றால் பர்பஸ் கோடு பி0103. சுலபம் என்று குடும்பச் செலவுக் கோடு போடாதீர்கள். அப்புறம் ஏற்றுமதிப் பணம் என்று நிரூபிக்க முடியாமல் அலைவீர்கள். ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தரும் வரவுச் சான்றை வாங்கி இன்வாய்ஸோடு சேர்த்து வையுங்கள்.

மதுரை, மல்லிகை வாசனைத் திரவியம்: வாங்குகிறவர் கியூ.ஆர். அனுப்பி, ஸ்கேன் செய்து பின் போட்டால் பணம் வரும் என்கிறார்.

பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் போவது உங்கள் பணம். எண்ணை பிளாக் செய்யுங்கள்.

சுவாமிமலை, சிலை: ஹாம்பர்க்கில் ஒரு கடை 6 லட்சத்துக்கு ஆர்டர் தருகிறது. பொருள் வந்து 30 நாள் கழித்துப் பணம் தருவார்களாம். ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

பயம் நியாயமானது. முதல் ஆர்டருக்கு முழுக் கடன் தரவே தராதீர்கள். பாதி முன்பணம், மீதி பொருள் புறப்படும் முன் என்று கேளுங்கள். மறுத்தால், பொருளை எடுக்கத் தேவையான ஆவணங்களை வங்கி வழியாக அனுப்பலாம்: அவர் பணம் கட்டினால்தான் அங்குள்ள வங்கி ஆவணங்களைக் கொடுக்கும். கப்பலில் போனால் அந்த ஆவணம் இல்லாமல் பொருளை எடுக்க முடியாது. விமானத்தில் போனால் இந்தப் பிடி பெரும்பாலும் தளர்ந்துவிடும், அதைக் கவனியுங்கள்.

இன்னொரு வழி எல்.சி. என்னும் வங்கி உறுதிக் கடிதம். அதில் அவருடைய வங்கியே பணத்துக்கு உறுதி தருகிறது. ஆனால் ஆவணத்தில் பெயரோ தேதியோ ஒத்துப்போகாவிட்டால் வங்கி மறுக்கலாம், கட்டணமும் அதிகம். 6 லட்சத்துக்கு அது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கடன் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யில் பாலிசி எடுங்கள். 1957 முதல் இருக்கிறது. கடைக்கு "சரி" என்று மெயில் போடுவதற்கு முன்பே அவர்களிடம் பேசுங்கள். ஆர்டரை ஒப்புக்கொண்ட பிறகு போய் நின்றால் பேரம் பேச இடமிருக்காது.