டைட்டஸின் மூளையைக் கொசு குடைந்ததாக தல்மூத் சொல்வது வரலாறா, போதனையா?

கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை அழித்த ரோமத் தளபதி டைட்டஸின் மூக்கில் ஒரு கொசு புகுந்து, ஏழு வருடம் மூளையைக் குடைந்தது என்ற கதை, யூதர்களின் சட்டமும் மரபும் அடங்கிய நூலான பாபிலோனிய தல்மூதில், கித்தீன் பகுதியின் 56ஆம் ஏட்டில் இருக்கிறது. இதை வரலாறாக வாசிக்கக் கூடாது. அதற்காகப் பொய் என்று ஒதுக்கவும் கூடாது.

தல்மூதின் சட்டப் பகுதிக்கு ஹலாகா என்று பெயர். கதை, உவமை, பிரசங்கம் எல்லாம் அகாதா. இந்தக் கதை அகாதா. அதன் பொருள் கொசுவுக்குச் சில வரி முன்னாலேயே தொடங்குகிறது. கொள்ளையோடு கப்பலில் திரும்பும் டைட்டஸைப் புயல் பிடிக்கிறது. "இவர்களுடைய கடவுளுக்குத் தண்ணீரில்தான் பலம். பார்வோனைத் தண்ணீரில் கொன்றார், சிசெரா என்ற எதிரிப் படைத்தலைவனைத் தண்ணீரில் கொன்றார். வீரரென்றால் கரைக்கு வந்து மோதட்டும்" என்கிறான். வானிலிருந்து குரல் வருகிறது: என் உலகில் ஓர் அற்ப உயிர் உண்டு, கரையேறி அதனோடு மோதிப் பார். அந்த அற்ப உயிர்தான் கொசு. ஆலயத்தைக் கொளுத்தியவன் வென்றுவிட்டான், அப்படியானால் கடவுள் தோற்றுவிட்டாரா என்று தவித்த மக்களுக்குச் சொன்ன பதில் இது.

அடுத்து, அதே ஏட்டில் உள்ள முரண்களைக் கவனியுங்கள். டைட்டஸ் இறந்து மண்டையைத் திறந்தபோது கொசு இரண்டு செலா (பழைய எடை அளவு) எடையுள்ள குருவி அளவு இருந்தது என்கிறது ஒரு மரபு. ஒரு வயதுப் புறா அளவு, இரண்டு லித்ரா (செலாவைவிடப் பெரிய அளவு) எடை என்கிறது இன்னொன்று. இரண்டையும் அருகருகே வைத்தவர்கள் பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுத உட்காரவில்லை. வெளிச் சான்றையும் பாருங்கள்: டைட்டஸ் 81இல் காய்ச்சலில் இறந்ததாக ரோம எழுத்தாளர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார்.

இப்படி வாசிப்பது நவீனர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 12ஆம் நூற்றாண்டிலேயே யூத அறிஞர் மைமோனிடஸ் அகாதாவின் வாசகர்களை மூன்றாகப் பிரித்தார்: எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்கள், எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு கேலி செய்கிறவர்கள், உட்பொருள் தேடுகிறவர்கள். முதல் இரண்டு தரப்பும் செய்வது ஒரே தவறு. 1263இல் பார்சிலோனாவில் யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் நடந்த விவாதத்தில், ஆலயம் அழிந்த நாளில் மேசியா பிறந்தார் என்ற அகாதாவைக் காட்டி, மேசியா ஏற்கெனவே வந்துவிட்டார் என்று கிறிஸ்தவத் தரப்பு மடக்கப் பார்த்தபோது, அகாதா பிரசங்கம் போன்றது, நம்பியே தீர வேண்டியதில்லை என்றார் யூதத் தரப்பில் பேசிய ரபி நாக்மனிடஸ். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மாந்துவா நகரத்து யூத அறிஞர் அசரியா டெய் ரொசி இதே கொசுக் கதை வரலாறு அல்ல என்று எழுதியபோது, பிராகா நகரின் ரபி மஹரால் அவரைக் கடுமையாகத் தாக்கினார். மஹராலும் கதையைத் தட்டையாக வாசிக்கவில்லை. முன்னோரின் சொல்லை வரலாற்றுத் தராசில் நிறுத்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

எதிர்ப்பக்கம் வழுக்குவதும் உண்டு: அகாதா என்றாலே எல்லாம் கற்பனை என்று முடிவுகட்டுவது. அதே 56ஆம் ஏடு, முற்றுகையின்போது நகருக்குள் இருந்த தீவிரவாதிகளே தானியக் கிடங்குகளைக் கொளுத்தியதாகச் சொல்கிறது. உட்சண்டையில் தானியம் எரிந்ததை, அந்தப் போரில் இருந்த யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸும் எழுதியிருக்கிறார். ஆகவே ஒரே பக்கத்திலும் ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.