ரிசர்வ் கேப்டன் சைஆப் பிரிவுக்கு மாறலாமா?

கேள்வி: பத்து வயதில் மதுரையிலிருந்து டெக்சாஸுக்கு வந்தவன் நான். அமெரிக்கக் குடிமகன். அமெரிக்க ராணுவத்தின் பகுதிநேரப் படையான ஆர்மி ரிசர்வில், போக்குவரத்துப் பிரிவில் ஃபர்ஸ்ட் லெப்டினன்ட்டாக இருக்கிறேன், கேப்டன் பதவிக்குத் தேர்வாகிவிட்டேன். மற்ற நாட்களில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை. லாரி, டீசல், ஸ்பேர் பார்ட்ஸ் கணக்கு எனக்கு அலுத்துவிட்டது. வெளிநாட்டு மக்களின் எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றச் செய்தி பரப்பும், சைஆப் எனப்படும் உளவியல் நடவடிக்கைப் பிரிவுக்கு மாறலாம் என்று யோசிக்கிறேன். எனக்கு ஒத்துவருமா? எப்படி மாறுவது? மனைவிக்குத் துளியும் பிடிக்கவில்லை. "ஊரை ஏமாத்துற வேலைக்கு யூனிஃபார்ம் வேறயா?" என்கிறாள்.
- பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: தம்பி, உங்கள் மனைவியின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தில் இருக்கும் கேள்விகளில் அதுதான் கனமானது. நீங்கள் அதைக் கடைசியில் போட்டிருக்கிறீர்கள்.

அவர் சும்மா சொல்லவில்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. கொரோனா காலத்தில் அமெரிக்க ராணுவம் போலிக் கணக்குகள் வழியாக பிலிப்பைன்ஸ் மக்களிடம் சீனத் தடுப்பூசியைப் பற்றிச் சந்தேகம் விதைத்தது என்பதுதான் அந்தச் செய்தி. 2020இல் தொடங்கி 2021 நடுப்பகுதி வரை நடந்திருக்கிறது. அங்கே அப்போது முதலில் கிடைத்த ஊசியே சீன ஊசிதான். சீனாவுக்குப் பதிலடி என்ற பெயரில், பாதிக்கப்படக் கூடியவர்கள் மணிலாவின் சாதாரண ஜனங்கள். இதை நியாயப்படுத்தும் வாதம் எதுவும் என்னிடம் இல்லை. நீங்கள் தேடுவதும் வேண்டாம்.

ஆனால் இந்தத் துறையில் நடப்பது அவ்வளவுதானா என்றால், இல்லை. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, கமாண்டோ சோலோ என்ற அமெரிக்க ராணுவ விமானம் வானில் சுற்றியபடியே வானொலி ஒலிபரப்பியது. ஓட்டியவர்கள் பென்சில்வேனியா ஏர் நேஷனல் கார்டு, அதாவது பெரும்பாலும் உங்களைப் போன்ற பகுதிநேரக்காரர்கள். நிவாரணச் செய்திகளோடு, வாஷிங்டனில் இருந்த ஹெய்ட்டி தூதர் ரேமண்ட் ஜோசஃப் கிரியோல் மொழியில் பேசிய பதிவும் ஒலித்தது: படகேறி அமெரிக்காவுக்கு வர நினைக்காதீர்கள், நடுக்கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. அதில் பொய் இல்லை. பரிவு இருந்ததா என்று கேட்டால், அதுவும் பெரிதாக இல்லை. படகு கவிழ்ந்து சாகாமல் சிலர் தப்பியிருக்கலாம். அமெரிக்காவின் கதவும் மூடியே இருந்தது. இந்தப் பிரிவின் அன்றாட வேலை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். அதற்கு உங்கள் மனது இடம் கொடுக்குமா என்பதை நீங்களும் அவரும் உட்கார்ந்து பேசுங்கள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சமாளித்துவிட்டுப் போகாதீர்கள்.

சரி, ஒத்துவருமா என்ற கேள்விக்கு வருகிறேன். விளம்பரத் துறை அனுபவம் கைகொடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் வேலையின் பெரும்பகுதி வாசகம் எழுதுவதோ படம் வரைவதோ அல்ல. யாரிடம் பேசப்போகிறோம் என்று தோண்டித் தோண்டி ஆராய்வதுதான். 'அந்த நாட்டு மக்கள்' என்று மொத்தமாகச் சொன்னால் பயிற்சியிலேயே ஃபைலைத் திருப்பித் தந்துவிடுவார்கள். இந்தச் சாலையில் இந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போகும் லாரி டிரைவர்கள் என்கிற அளவுக்கு இறங்கி வர வேண்டும். அவர்களுக்கு எதில் பயம், யார் சொன்னால் கேட்பார்கள், நாம் சொல்கிறபடி செய்ய அவர்களால் உண்மையிலேயே முடியுமா, எந்த வழியாக அவர்களை எட்டலாம்? இதையெல்லாம் எழுதி, மாதிரி தயாரித்து, உள்ளூர் ஆட்களிடம் காட்டிச் சோதித்து, மேலிடத்தில் கையெழுத்து வாங்கி, அதற்குள் நிலைமையே மாறிப்போயிருக்கும். உங்கள் டீசல் கணக்கைவிட இதில் காகிதம் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள்.

அந்தச் சோதனை சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துண்டறிக்கையே சாட்சி. 2017 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் பர்வான் மாகாணத்தில் அமெரிக்கப் படை வீசியது. ஒரு சிங்கம் ஒரு வெள்ளை நாயைத் துரத்துகிறது. சிங்கம் அமெரிக்கத் தலைமையிலான கூட்டுப்படை, நாய் தாலிபான். எல்லோருக்கும் புரியட்டும் என்று நாயின் உடம்பில் தாலிபான் கொடியைப் பதித்துவிட்டார்கள். அந்தக் கொடியில் இருப்பது கலிமா. இஸ்லாத்தின் அடிப்படை உறுதிமொழியை, அவர்கள் அசுத்தம் என்று ஒதுக்கும் ஒரு பிராணியின் மேல் அச்சடித்து வானத்திலிருந்து கொட்டியிருக்கிறார்கள். தாலிபானை வெறுத்த ஆப்கானியர்களே கொதித்துப்போனார்கள். மேஜர் ஜெனரல் ஜேம்ஸ் லிண்டர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அமெரிக்கப் படையின் பக்ராம் தளத்தருகே தற்கொலைத் தாக்குதல் நடத்திவிட்டு, இது அதற்குப் பழி என்றது தாலிபான். ஒரு காகிதம் வானத்துக்குப் போகும் முன் எத்தனை மேசைகளைத் தாண்டியிருக்கும், எண்ணிப் பாருங்கள். ஒரு மேசையிலாவது "சார், இது வேண்டாம்" என்ற குரல் எடுபட்டிருக்க வேண்டும். கேப்டனாக நீங்கள் உட்காரப்போவது அப்படி ஒரு மேசையில்தான். பெரிய அதிகாரியிடம் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்லும் குணம் இல்லாதவர்கள் லாரிப் பிரிவிலேயே இருப்பது நல்லது.

இன்னொன்று. விளம்பரத்தில் உங்களுக்கு விற்பனைக் கணக்கு வந்துவிடும், இங்கே வராது. 1991 வளைகுடாப் போரில் ஏறத்தாழ 2.9 கோடி துண்டறிக்கைகள் வீசினார்கள். இராக்கியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர் சரணடைந்தார்கள், பலர் கையில் அந்தக் காகிதம் இருந்தது. அதே சமயம் வாரக்கணக்கில் அவர்கள் தலையில் குண்டும் விழுந்துகொண்டிருந்தது. காகிதத்துக்கு எவ்வளவு பங்கு, குண்டுக்கு எவ்வளவு பங்கு? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் செய்ததால்தான் இது நடந்தது என்ற திருப்தி உங்களுக்கு அவசியம் என்றால் ஏமாந்துபோவீர்கள்.

யூடியூபில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பளபளப்பான வீடியோக்கள் வேறு உலகம். அவை வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக்கில் உள்ள 4ஆம், 8ஆம் சைஆப் குரூப்புகள். முழுநேரப் படை, சிறப்பு நடவடிக்கைக் கட்டளையின் கீழ் வருபவை. அங்கே தேர்வு முகாம், பாராசூட், அயல்மொழிப் பயிற்சி எல்லாம் உண்டு. ரிசர்வில் இருப்பவை 2ஆம், 7ஆம் குரூப்புகள், தலைமையகங்கள் ஒஹாயோவிலும் கலிஃபோர்னியாவிலும். 2006இல் இவற்றைச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையிலிருந்து பிரித்து ஆர்மி ரிசர்வின் கீழ் கொண்டுவந்தார்கள். இவர்கள் பெரும்பாலும் வழக்கமான படைகளுக்குத் துணையாகப் போகிறவர்கள். மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுக்கள், வண்டிமேல் ஒலிபெருக்கி, ஊர்ப் பெரியவர்களோடு பேச்சு. அப்படிப்பட்ட சில குழுக்கள் சேர்ந்த ஒரு பிரிவு ஒரு கேப்டன் பொறுப்பில் வரும். உங்கள் லாரி கம்பெனியை ஒப்பிட்டால் ஆள் ரொம்பக் குறைவு. எனக்கு அதுவே பெரிய கவர்ச்சியாகத் தோன்றுகிறது.

மாறும் வழி அப்படியொன்றும் மர்மமில்லை. லெப்டினன்ட்டாக வேறு பிரிவில் தேறியவர்கள்தான் இதற்கு வர முடியும் என்பதால் நீங்கள் சரியான கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். முதலில் காலியிடம் உள்ள யூனிட்டைக் கண்டுபிடியுங்கள். தலைமையகத்துக்கு எழுதும் முன் அந்த யூனிட்டுக்கே போன் போட்டு, மாதாந்திரப் பயிற்சி நடக்கும் ஒரு டிரில் வார இறுதியில் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பெண் பார்க்கப் போகிற மாதிரிதான், அவர்களும் உங்களை எடைபோடுவார்கள். அங்கே கமாண்டரைவிட சார்ஜென்ட்டுகளிடம் அதிக நேரம் பேசுங்கள். கடைசியாக எப்போது உண்மையான பணிக்குப் போனீர்கள், எத்தனை பேர் பயிற்சி முடித்தவர்கள் என்று கேளுங்கள். பிடித்திருந்தால் அவர்களிடமிருந்து ஏற்புக் கடிதம், உங்கள் கமாண்டரிடமிருந்து விடுவிப்பு, இடமாற்றம் கேட்கும் டிஏ 4651 படிவம், பிறகு ஃபோர்ட் நாக்ஸில் உள்ள ராணுவப் பணியாளர் அலுவலகத்தில் பிரிவு மாற்றம். பயிற்சி முடித்தால் 37ஏ என்ற தகுதி எண் கிடைக்கும்.

இதில் கைகடிக்கும் விஷயம் தூரம். சைஆப் யூனிட்டுகள் எண்ணிக்கையில் குறைவு. மாதம் ஒரு வார இறுதி என்பது பக்கத்து ஊர் என்றால் ஒன்று, விமானமேறிப் போக வேண்டும் என்றால் வேறு. டிக்கெட்டும் பெரும்பாலும் கைக்காசுதான். உங்கள் மனைவியின் எதிர்ப்பில் பாதி இதுவாகவும் இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

மதுரைத் தொடர்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரகசியத் தகவல்களைப் பார்க்கத் தரும் பாதுகாப்பு அனுமதியை மறுபடி பரிசீலித்தால் எஸ்எஃப்-86 படிவத்தில் வெளிநாட்டு உறவினர், சொத்து, வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். அம்மா பெயரோடு சேர்ந்த ஜாயின்ட் அக்கவுன்ட், தாத்தா வீட்டில் உங்கள் பங்கு, ஓசிஐ அட்டை, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஊரில் சித்தப்பா இருப்பதால் யாரும் உங்களைத் தள்ளிவிடப் போவதில்லை. மறைத்தது தெரிந்தால்தான் வம்பு.

ஆபீஸைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். 1994இல் வந்த யூசெர்ரா சட்டம் பயிற்சிக்கோ பணிக்கோ போய்த் திரும்புகிறவரின் வேலையைக் காக்கிறது. மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது போதும்.

என்னைக் கேட்டால், போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் லாரிக் கணக்கு அலுத்தது என்பது மட்டும்தான் காரணம் என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். கேப்டன்களுக்கான பயிற்சியான கேப்டன்ஸ் கேரியர் கோர்ஸ் முடித்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. பின்னால் மேஜர் பதவிக்கு அது தேவைப்படும். அதை முதலில் முடிப்பதா, 37ஏ பயிற்சிக்கு முதலில் போவதா என்று உங்கள் கேரியர் மேனேஜரிடம் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள், போனில் சொன்னதை அடுத்து வருகிறவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.